உப்புக்காற்றில் ஒரு சிவப்பு

போன மாதத்திலிருந்து என் காரை ஓட்டும் நேரத்தைவிட அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். அலாய் சக்கரத்தின் இடுக்கில் எட்டிப்பார்க்கும் கையளவு சிவப்பு, அவ்வளவுதான் விஷயம். ஆனால் என்ன சிவப்பு!

கார், போலோ ஜிடி. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் பழவேற்காட்டில் மச்சான்மார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சென்னையிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில்தான் சோழவரம் இருக்கிறது. பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்த ஊர். அதைத் தாண்டும்போதெல்லாம் என் வலது கால் கொஞ்சம் கனக்கும்.

சிக்கல், போய்ச் சேர்ந்த பிறகுதான். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் என் கார். அந்தச் சிவப்பு ஏறியிருக்கும் பிரேக் கேலிப்பர் வார்ப்பிரும்பு. உப்புக்காற்றுக்கு அது கருவாட்டைக் கண்ட பூனை மாதிரி. 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையே இங்கே புதர் மூடிய மேடாகிக் கிடக்கிறது, கேலிப்பர் எம்மாத்திரம்? நகரத்தில் ஒரு கடையில் காசு கொடுத்து அடித்த சிவப்பு, மூன்றே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது.

அப்போதுதான் குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அண்ணா ஒருவர் சக்கரத்துக்குள் எட்டிப்பார்த்தார். “உப்பு மேலயே அடிச்சிருக்கான் தம்பி. அடியில உப்பு இருந்தா ஈரத்தை இழுக்கும், பெயின்டைத் தூக்கிடும்.” மூன்று மாதமாக எனக்குப் புரியாதது முப்பது விநாடியில் புரிந்தது.

மறுநாள் விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டோம். கடல்காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மணலில் ஜாக்கி புதையும் என்று அடியில் பழைய படகுப் பலகை. அதன்மேல் ஸ்டாண்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல். சக்கரத்தைக் கழற்றியதும் அண்ணா கேட்ட முதல் பொருள் பெயின்ட் இல்லை, ஒரு குடம் நல்ல தண்ணீர். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பு, கழுவல், மறுபடி தேய்ப்பு. பிறகு அவர் செய்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன்: இரும்பில் விரலைத் தடவி நாக்கு நுனியில் வைத்தார். “இன்னும் கரிக்குது.” இன்னொரு குடம்!

உப்பை விரட்ட அடுத்து வந்தது உப்புத்தாள். இந்தப் பெயரை வைத்தவர் வாய்க்கு சர்க்கரை போட வேண்டும். பளபளப்பு போய் இரும்பு சொரசொரவென்று ஆனால்தான் பெயின்ட் பிடிக்கும். கடைசியாக பிரேக் கிளீனர். அதன் பிறகு வெறுங்கை படக்கூடாது.

மாஸ்கிங் டேப் ஒட்டியது நான். பிஸ்டனைச் சுற்றிய ரப்பர், கேலிப்பர் நகரும் பின்கள், காற்று எடுக்கும் நிப்பிள், பேடு, டிஸ்க்: இவற்றில் ஒரு துளி படக்கூடாது. அழகுக்காகச் செய்யும் வேலையில் பிரேக்கையே கெடுத்துக்கொள்வானேன்? மற்ற இடங்களை மூட இறால் கட்டும் பிளாஸ்டிக் பைகள். காரில் இன்னும் லேசாக வாசனை அடிக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது.

மிச்சமிருந்த படகு எனாமலையே அடிக்கலாம் என்றார் அண்ணா. அங்கே மட்டும் நான் வாத்தியார் ஆனேன். பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி; சாதாரண எனாமல் கருகிவிடும், 200 டிகிரிக்கு மேல் தாங்கும் ஸ்பிரே தனியாக வருகிறது என்றேன். அவர் தலையாட்டினார். “படகுக்கு உப்பு மட்டும்தான். இதுக்கு உப்பும் நெருப்புமா!”

மெல்லிசாக மூன்று பூச்சு. முதல் பூச்சு அசிங்கமாக, திட்டுத்திட்டாக இருந்தது; அவசரப்பட்டு அழுத்தப் போன என் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவதில் நிறம் வந்தது. மூன்றாவதில், அடடா! கடலுக்குமேல் சூரியன் ஏறிய நேரம், ஈர மினுமினுப்போடு மிளகாய்ப்பழம் மாதிரி நின்றது அந்தக் கேலிப்பர். நான் கத்திய கத்தலில் கரையோரக் கொக்குகள் பறந்துவிட்டன.

போலோவுக்குப் பின்னால் கேலிப்பர் கிடையாது, டிரம்தான். அதற்குக் கறுப்பு அடித்தோம். மாமியார் வந்து பார்த்துவிட்டு, “இப்ப வண்டி சீக்கிரமா நிக்குமா?” என்றார். ஒரு அங்குலம்கூட முன்னால் நிற்காது அத்தை. அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சக்கர போல்ட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, பிரேக்கை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளப்பினேன். ஏரிப் பாலத்தில் மெதுவாகப் போனேன், எல்லோரும் பார்க்க வேண்டுமல்லவா? ஒருவரும் பார்க்கவில்லை. பூநாரைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மீதி டப்பாவை அண்ணா கேட்டு வாங்கிக்கொண்டார். தன் படகு எஞ்சினின் மூடியில் சுற்றிவர ஒரு சிவப்புக் கோடு போட்டு, போன வாரம் போட்டோ அனுப்பினார். டேப் ஒட்டாமல் போட்டாராம். நான் டேப் ஒட்டி அடித்ததைவிட நேராக இருக்கிறது.