முன்னே ஒரு மூத்த குதிரை

கண்டியின் எசல பெரஹரா ஒரே இரவில் பெரிதாகிவிடுவதில்லை. கப் என்னும் கம்பம் நட்டபின் முதல் ஐந்து நாள் தேவாலய வளவுகளுக்குள்ளேயே அடக்கமாக நடக்கும். அடுத்த ஐந்து இரவு கும்பல் பெரஹரா தெருவுக்கு வரும். இரவுக்கு இரவு யானை கூடும், பந்தம் கூடும், மேளம் கூடும், சனம் கூடும். கடைசி ஐந்து இரவுதான் ரந்தோலி. சடங்குக்காக ஏற்பட்ட படிக்கட்டு இது. ஆனாலும் முதல் வருடம் ஊர்வலத்துக்கு வரும் யானையின் பக்கமிருந்து பார்த்தால், இதைவிட நல்ல பாடத்திட்டத்தை எந்த வாத்தியாரும் வகுத்திருக்க மாட்டார். முன்னே சாட்டைகள் வெடிக்கின்றன. ஓரத்தில் இரும்புக் கூடைகளில் கொப்பரா எரிகிறது. புதிய யானை நெருப்பைப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் வரும் மூத்த யானையைத்தான் அதிகம் பார்க்கிறது. அது காதை வீசியபடி நடந்தால் இதுவும் நடக்கிறது.

குதிரையோடு வாழ்பவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். ஓர் இளங்குதிரையை முதன்முதலாக வெட்டவெளிக்குக் கொண்டுபோய், விழுந்து கிடக்கும் மரத்தையும் பள்ளத்தையும் நீர்க்குட்டையையும் தாண்டப் பழக்கும்போது அவர்கள் செய்வதும் இதுவேதான்.

அந்தப் பழக்கத்தின் உச்சியில் இருக்கும் விளையாட்டுக்கு ஈவென்டிங் என்று பெயர். ஒரே குதிரை, ஒரே சவாரிக்காரர், மூன்று சோதனை. முதலாவது டிரெஸாஜ்: நீள்சதுர மைதானத்தில் அடக்கமும் ஒழுங்குமான நடை. இரண்டாவது கிறொஸ் கன்ட்ரி: மேடு பள்ளம், காடு, நீர் என்று கிலோமீற்றர் கணக்கில் ஓடி, அசையாத தடைகளைத் தாண்டுவது. மூன்றாவது ஷோ ஜம்பிங்: தொட்டாலே விழும் கம்புகளைத் தட்டாமல் தாண்டுவது. படைக்குதிரையைச் சோதிக்க ஐரோப்பிய இராணுவங்கள் கண்டுபிடித்த வழி இது. சில நாடுகளில் இன்றும் இதை ‘மிலிட்டரி’ என்றே சொல்கிறார்கள். 1912இல் ஸ்டொக்ஹோமில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அப்போது இராணுவ அதிகாரிகள் மட்டுமே போட்டியிடலாம். பெண்கள் இதில் நுழைய 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரஹரா நடக்கும் கண்டியோ குதிரைக்கு ஏற்ற ஊரல்ல. மலைநாட்டு அரசில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாயிருந்த றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், இந்த நாட்டில் இல்லாத விலங்குகளின் வரிசையில் குதிரையையும் சேர்த்திருக்கிறார். அரசனுக்கு அன்பளிப்பாக வந்த சில குதிரைகள் இலாயத்தில் நின்றன, அவ்வளவே. பாதை அகலமாயிருந்தால் பகைவன் வருவான் என்று ஒற்றையடிப் பாதையும் முள்வாசலுமாக வைத்திருந்த இராச்சியம் இது. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து தெரு வந்த பிறகுதான், 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் ரயில் வந்ததும் அந்தக் குதிரைகளுக்கு வேலை போயிற்று.

ஆனால் குதிரையின் நடையை இந்த ஊர் வேறோரிடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. கண்டிய நடனத்தின் பதினெட்டு வன்னங்களில் யானைக்குக் கஜகா வன்னம் இருப்பதுபோல் குதிரைக்குத் துரங்கா வன்னம் உண்டு. சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போன இரவில் ஏறிச்சென்ற கந்தகனைப் பாடும் ஆட்டம் அது. குதிரை அதிகம் இல்லாத நாட்டு ஆட்டக்காரர்கள் அதன் பாய்ச்சலைத் தாளமாகப் பிடித்துவைத்தது ஆச்சரியமான சங்கதி. ஏனென்றால் குதிரை பழக்கும் பள்ளிகள் எல்லாவற்றிலும் முதற்பாடம் தாளம்தான்.

அந்தப் பள்ளிகளில் பெயர்பெற்ற ஒன்று பிரெஞ்சுப் பள்ளி. லா கெரினியேர் 1733இல் வெளியிட்ட நூலோடு குதிரையேற்றம் அங்கே ஒரு சாஸ்திரமாயிற்று. சோமூர் நகரில் கறுப்புச் சீருடை அணியும் கத்ர் நுவார் ஆசான்கள் இன்றும் அந்த மரபைக் காக்கிறார்கள். இலேசான கை, இணங்கி வரும் குதிரை என்பது அவர்களுடைய இலட்சியம். ஜேர்மன் பள்ளி இதையே படிவரிசையாக்கியது. தாளம், இறுக்கமின்மை, கடிவாளத் தொடர்பு, பின்காலிலிருந்து வரும் உந்துதல், கோணாத உடம்பு, கடைசியில் திரட்சி என்று ஆறு படி. இந்த வரிசையை மாற்றி ஆறாவதை முதலில் கேட்பவர் ஜேர்மன் பயிற்றுநரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

தாண்டுதலைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தலைகீழாக்கியவர் ஓர் இத்தாலியர். பெடரிக்கோ கப்ரில்லி பிறந்தது 1868இல். அவர் காலம்வரை குதிரை தாண்டும்போது சவாரிக்காரர் பின்பக்கம் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார். முன்னங்கால் முறியாமல் காப்பது அதுவே என்று நம்பினார்கள். கப்ரில்லி சேணமில்லாத குதிரைகளைத் தாண்டவிட்டுக் கவனித்தார். கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, முன்னங்காலில் இறங்கும் குதிரைக்கு முதுகில் இருப்பவர்தான் இடைஞ்சல் என்று கண்டுகொண்டார். அங்கவடியைக் குட்டையாக்கி, சேணத்திலிருந்து எழும்பி, கையைக் குதிரையின் வாயோடு போகவிட்டார். உரோமுக்கு அருகே தோர் தி குவிந்தோவில் செங்குத்துச் சரிவொன்றில் அவருடைய மாணவர்கள் குதிரையோடு சறுக்கி இறங்கும் பழைய படங்களைப் பார்த்தால் இன்றும் வயிறு கலங்கும். 1902இல் தூரின் நகரில் 2.08 மீற்றர் தாண்டினார். 1907இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்று உலகில் தடை தாண்டும் ஒவ்வொருவரும் அவருடைய ஆசனத்தில்தான் இருக்கிறார்கள்.

பிரித்தானியருக்கும் ஐரிஷ்காரருக்கும் சாஸ்திரமே கிடையாது. நரி வேட்டைக் களமே அவர்களுடைய பள்ளி. இளங்குதிரையை வேட்டைக் கூட்டத்தின் வாலில் விட்டால், முன்னே போகிற குதிரைகளைப் பார்த்து வேலியும் வாய்க்காலும் தாண்டப் பழகிக்கொள்ளும். 1949இல் பியூபோர்ட் கோமகன் பாட்மின்ரனில் தொடங்கிய போட்டிக்கு அடியுரம் இதுதான். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கிளை உண்டு. ஊட்டிக்கு அருகே வென்லாக் புல்வெளிகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வேட்டைநாய்களோடு குள்ளநரிக்குப் பின்னால் குதிரை விட்டவர்கள், சோலைக் காட்டு விளிம்பிலும் சேற்று ஓடையிலும் கற்றது கிறொஸ் கன்ட்ரி அல்லாமல் வேறென்ன?

இனி இளங்குதிரையிடம் வருவோம். கண் பக்கவாட்டில் இருப்பதால், அதன் நெற்றிக்கு நேர் முன்னே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. வெயிலிலிருந்து நிழலுக்குப் போனால் கண் பழக மனிதரைவிட அதிக நேரம் எடுக்கும். ஆகவே மரநிழலில் கிடக்கும் ஓர் அடி உயரக் கட்டை நமக்குக் கட்டை. அதற்கு அது கறுப்பாய்க் கிடக்கும் ஏதோ ஒன்று. முதல் நாள் தரையில் ஒற்றைக் கம்பு, அதன்மேல் நடை. பிறகு முழங்காலுக்குக் கீழே நிற்கும் கட்டை. மூத்த குதிரை ஒன்று, இரண்டு மூன்று உடல் தூரம் முன்னே போகும். அதிகம் விலகினால் இளையது தனித்துவிட்டதாகப் பதறும், நெருங்கினால் தடையையே பார்க்காது.

இளங்குதிரை கட்டைக்கு முன்னே நிற்கும். மூக்கை நீட்டி முகரும். காது இரண்டும் முன்னே குத்திட்டு நிற்கும். இந்த இடத்தில் நல்ல சவாரிக்காரருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். நல்லவர் கழுத்துப் பட்டியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு காலால் மெல்ல அணைத்துக் காத்திருப்பார். முகர நேரம் கொடுப்பார், முகத்தைத் திருப்ப மட்டும் விடமாட்டார். தடை அவ்வளவு சிறியது, நின்ற நிலையிலிருந்தே தாண்டிவிடலாம். திடீரென்று மான்போல் நான்கு காலும் தூக்கி, தேவையைவிட இரண்டடி அதிகமாகக் குதிரை துள்ளும். அப்போது கை கடிவாளத்தில் இருந்தால் வாய் இழுபடும். ‘தாண்டினால் வலிக்கும்’ என்பதே அன்றைய பாடமாகிவிடும். அதற்குத்தான் கழுத்துப் பட்டி. இரண்டாம் முறை துள்ளல் பாதியாகும். மூன்றாம் முறை கட்டையைக் கட்டையாகவே பார்த்து, ஓட்டத்தின் தாளம் கெடாமல் கடந்துபோகும். அதோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு தரம் பார்ப்போமே என்ற ஆசையில் கெட்டுப்போன குதிரைகள் எண்ணில் அடங்கா.

நீர் வேறு விதம். ஆழம் தெரியாத பளபளப்பில் கால் வைக்கக் குதிரைக்குக் காரணமே இல்லை. அடி உறுதியான, கணுக்கால் அளவு நீரில் மூத்தது நடுவிலே போய் நிற்கும். இளையது கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, ஒரு காலை வைத்து, அறைந்து பார்த்து, ஒரு மூச்சில் உள்ளே வரும். அன்றைக்கு அதுவே போதும். பள்ளமும் மண்திட்டும் இப்படித்தான். ஏறுவது முதலில், இறங்குவது பிறகு.

யானை பழக்குவதும் இதே பாடத்தின் இன்னொரு அத்தியாயம். மட்டக்களப்பு ஏறாவூரில் தமிழ் பேசும் முஸ்லிம் பணிக்கர்மார் பெயர்போன யானை பிடிகாரர்களாயிருந்தார்கள். பிடித்த யானையை இரண்டு பழகிய யானைகளுக்கு நடுவே கட்டி ஆற்றுக்கு நடத்திச் செல்வது இலங்கையில் நெடுங்காலம் இருந்த முறை. கண்டித் தலதா மாளிகையின் புகழ்பெற்ற ராஜா, ஏறாவூர்க் காட்டிலிருந்து வந்த யானைதான். 1925இல் மம்பிட்டிய திசாவை அதை வாங்கி, 1937இல் மாளிகைக்குக் கொடுத்தார். 1986இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட அது 1988இல் இறந்தது. முறைகள் எல்லாம் மென்மையானவை என்று சொல்வதற்கில்லை. கயிறும் அங்குசமும் பசியும் அதில் உண்டு. குதிரை உலகிலும் சாட்டையை நம்பிய பள்ளிகள் இருந்தன. இரண்டிலும் நிலைத்த பாடம், பழகிய துணையைப் பார்த்துப் பயம் தெளிவதே.

தரங்களைப் பார்த்தால் ஈவென்டிங்கில் ஒரு விசித்திரம் தெரியும். சர்வதேசப் போட்டியின் அடிமட்டமான ஒரு நட்சத்திரத்தில் கிறொஸ் கன்ட்ரி மரத்தடையின் உயர வரம்பு 1.05 மீற்றர், உச்சமான ஐந்து நட்சத்திரத்தில் 1.20. ஒரு சாண்கூட வித்தியாசமில்லை. ஏறுவது வேகமும் தூரமும் தடைகள் கேட்கும் கேள்விகளின் சிக்கலும்தான். ஐந்து நட்சத்திரத்தில் நிமிடத்துக்கு 570 மீற்றர் வேகத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். அங்கே போக குதிரைக்கு எட்டு வயதாக வேண்டும். குதிரையின் முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வருடம் பிடிக்கும் என்பதை அறிந்தால் இந்த வரம்பின் அருமை விளங்கும். ஆறு, ஏழு வயதுக் குதிரைகளுக்கென்றே பிரான்ஸின் லியோன் தான்ஜேயில் தனி உலகப் போட்டி நடக்கிறது.

இந்தியா இந்த ஆட்டத்தில் புதியதல்ல. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் ஷாஜாதா என்ற குதிரையில் தங்கம் வென்றார். குழுத் தங்கமும் இந்தியாவுக்கே. தனிநபர் பதக்கம் மறுபடி கிடைக்க 2018 ஜகார்த்தா வரை ஆயிற்று. பெங்களூரின் பவாத் மிர்சா அங்கே வெள்ளி பெற்ற செய்ன்யர் மெடிகாட், அவருக்கு முன் ஜேர்மனியின் பெட்டினா ஹோய் ஓட்டிய குதிரை. அதே குதிரையில் அவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்றார். முன்னே போகும் மூத்த குதிரைபோல், கற்றறிந்த குதிரையே சில வேளை ஆளுக்கு வாத்தியார். அதே டோக்கியோவில், இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மட்டில்டா கார்ல்சன், சோப்பான் என்ற குதிரையோடு ஷோ ஜம்பிங்கில் இலங்கைக் கொடியின் கீழ் இறங்கினார். நாட்டுக்குள் குதிரையென்றால் பலருக்கு நெடுந்தீவின் மட்டக்குதிரைகளும் சித்திரை மாத நுவரெலியாப் பந்தயமும்தான் நினைவுக்கு வரும்.

தரம் என்பதற்கு இன்னொரு முகம் உண்டு. 1999இல் மட்டும் பிரித்தானியாவில் கிறொஸ் கன்ட்ரியில் ஐந்து சவாரிக்காரர்கள் இறந்தார்கள். அதன்பின் பலமாக இடித்தால் முறிந்து தடையைச் சாயவிடும் ஊசிகள் வந்தன. குதிரை ஒரு தடவை மறுத்தால் 20 புள்ளி தண்டம், விழுந்தால் அத்தோடு வெளியே. பெரிய போட்டிகளில் தொடங்குமுன் ஒரு தடவையும், கிறொஸ் கன்ட்ரி முடிந்து ஷோ ஜம்பிங்குக்கு முன் இன்னொரு தடவையும், குதிரையை நடுவர்களுக்கும் மிருக வைத்தியருக்கும் முன்னே கையில் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். நொண்டினால் வீட்டுக்கு.

கண்டி யானைக்குப் பார்க்கும் இலட்சணமோ பெரும்பாலும் உடலமைப்பைப் பற்றியது. பெரஹராவில் புனிதப் பேழை சுமக்கும் கொம்பனுக்கு நாலு காலும், தும்பிக்கையும், வாலும், குறியும் ஆக ஏழும் நிலம் தொட வேண்டும். முதுகு தட்டையாக, தந்தம் சுளகுபோல் வளைந்திருக்க வேண்டும். 2022இல் இறந்த நெதுங்கமுவே ராஜா பத்தரை அடி உயரம், அத்தனை இலட்சணமும் பொருந்தியது. வருடாவருடம் கம்பஹாப் பக்கமிருந்து 90 கிலோமீற்றர் நடந்தே வந்துகொண்டிருந்தது. 2019இல் நடந்தது வேறு கதை. எழுபது வயது யானை திக்கிரியின் எலும்பு துருத்திய உடம்பு, ஊர்வல ஆடைக்கு வெளியே உலகப் பத்திரிகைகளில் வந்தது. 2021 வர்த்தமானி குட்டி யானைகளை வேலைக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கத் தடை விதித்தது; தினமும் இரண்டரை மணி நேரக் குளிப்பைக் கட்டாயமாக்கியது; பாகன் குடித்திருக்கக் கூடாது என்றது.

பெரஹராவுக்கும் மிருக வைத்தியர்கள் வருகிறார்கள். குதிரை உலகில் அந்தச் சோதனை சனம் சுற்றி நின்று பார்க்க, பட்டப்பகலில் நடக்கிறது. ஒரு யானை அலங்காரமில்லாமல் நாற்பது மீற்றர் போய்த் திரும்பி வரக் கண்டியின் போகம்பறை மைதானத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. கும்பல் பெரஹராவுக்கு முந்தின நாள் காலை அதற்குப் போதும்.