காதலுக்கு நடுவே நிற்பது எது? தன்பாலினக் காதல் நாவல்களைப் பரிந்துரைப்பது பற்றி

தன்பாலினக் காதல் நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்கள் எழுத்தாளரின் பெயரைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்டுவிடுகிறார்கள்: கடைசியில் யாரும் சாக மாட்டார்களே? கண்டியிலும் இதே கேள்விதான். நியாயமான பயம். இந்த வகைக் கதைகளில் நீண்ட காலம் ஒருவன் செத்துப்போவான், மற்றவன் கலியாணம் கட்டிக்கொண்டு ஊரோடு ஒத்துப்போவான். ஜேம்ஸ் போல்ட்வின் 1956இல் எழுதிய 'ஜியோவானிஸ் ரூம்' எவ்வளவு நல்ல நாவல்! ஆனால் ஜியோவானியின் தலை வெட்டப்படுவதற்கு முந்திய இரவில் இருந்துதான் அது சொல்லப்படுகிறது. அதையே பத்து விதமாகப் படித்துக் களைத்தவர், சந்தோசமாக முடிகிற ஒன்றைத் தா என்று கேட்டால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்தக் களைப்பில் இருந்துதான் இன்றைய பரிந்துரைப் பழக்கம் பிறந்தது. நாவலை அதன் வார்ப்பால் அடையாளம் சொல்வார்கள். எதிரிகள் காதலராவது, பொய்க்கு நடித்த காதல் மெய்யாவது, விடுதியில் ஒரே ஒரு கட்டில் மிஞ்சியிருப்பது. கூடவே முடிவு இனிது என்று ஒரு உத்தரவாதம். வாசகருக்கு இதனால் நேரமும் மிச்சம், மனக்கஷ்டமும் மிச்சம். ஆனால் ஒரு காதல் கதையை விடாமல் படிக்க வைப்பது முடிவு அல்ல, இருவருக்கும் நடுவே நிற்கிற தடை என்பது என் எண்ணம். இந்தப் பழக்கம் சொல்லாமல் விடுவதும் அதைத்தான்.

பழக்கம் புதிதல்ல, அதன் மூத்தவர்களில் ஒருவர் கண்டிக்கு வந்தும் போயிருக்கிறார். எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேயர் 1890இல் இலங்கைக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் பொன்னம்பலம் அருணாசலம் அப்போது குருநாகலில் நீதிபதி. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிற அதே அருணாசலம்தான். அவரோடு தங்கிய கார்ப்பென்டர் கண்டிக்கும் போனார். கண்டிக் கிராமத்து விவசாயி கலுவாவோடு பழகியதை 1892இல் வெளிவந்த பயண நூலில் மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். பத்து வருடம் கழித்து, 1902இல், 'அயோலாஸ்' என்றொரு திரட்டு வெளியிட்டார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கொண்ட ஆழ்ந்த அன்பைப் பற்றிப் பழங்காலம் தொட்டுப் பலர் எழுதியவற்றை ஒன்றாகக் கட்டிய புத்தகம் அது. வெளியில் பெயர் 'நட்பு'. உள்ளே என்ன என்பது தேடுகிறவர்களுக்குத் தெரியும். புத்தகக் கடைக்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரை இங்கே அச்சிட முடியாது. இன்னின்னதைப் படியுங்கள், நீங்கள் தனியாக இல்லை என்று சொல்வதுதான் அந்தத் திரட்டின் வேலை. இன்றைய பரிந்துரைகளின் வேலையும் அதுவே.

குறையும் அங்கேயே தொடங்கிவிட்டது. கலுவா எப்படி இருந்தான், எவ்வளவு அன்பானவன் என்பதெல்லாம் கார்ப்பென்டர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். இந்த வெள்ளைக்காரரைப் பற்றிக் கலுவா என்ன நினைத்தான்? அதற்கு ஒரு வரியும் இல்லை. துரையும் குடியானவனும் என்ற பெரிய தடை அங்கே நடுவில் கிடக்கிறது. எழுதியவர் அதைப் பாசத்தால் மூடிவிட்டுப் போகிறார்.

அந்தத் தடையைத் திறந்து பார்த்தவர் ஈ. எம். ஃபார்ஸ்டர். கார்ப்பென்டர் பிற்பாடு ஷெஃபீல்ட் நகரத்துச் சேரியில் வளர்ந்த ஜோர்ஜ் மெரில் என்பவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். 1913இல் அந்த வீட்டுக்குப் போய் வந்த ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை எழுதத் தொடங்கினார். பணக்கார வீட்டுப் பிள்ளை மாரிஸுக்கும் வேட்டைக்காடு காக்கும் அலெக் ஸ்கடருக்கும் காதல். முடிவு இனிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் ஃபார்ஸ்டர் பிடிவாதமாக இருந்தார். ஒருவன் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் அச்சிட அவ்வளவு தடை வந்திராது என்று அவரே பின்குறிப்பில் எழுதினார். நாவல் வெளிவந்தது அவர் இறந்த பிறகு, 1971இல். இனிய முடிவுக்கு அவர் கொடுத்த விலை கிட்டத்தட்ட அறுபது வருட மௌனம். அந்த முடிவும் சும்மா வரவில்லை. அலெக் பணம் பறிப்பான் என்று மாரிஸ் பயப்படுகிறான். தன்னை வேலைக்காரனாகவே நடத்துகிறான் என்று அலெக் கோபப்படுகிறான். இருவரும் பேசுகிற ஒவ்வொரு பேச்சிலும் வர்க்கம் குறுக்கே வருகிறது. அதைத் தாண்டித்தான் சேருகிறார்கள், அதனால்தான் அந்த முடிவை நம்ப முடிகிறது.

இன்று அதிகம் பரிந்துரைக்கப்படும் நாவல்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கேசி மெக்குவிஸ்டனின் 'ரெட், வைட் அண்ட் ரோயல் ப்ளூ' (2019) அமெரிக்க ஜனாதிபதியின் மகனையும் பிரித்தானிய இளவரசரையும் காதலராக்குகிறது. அதே வருடம் வந்த ரேச்சல் ரீடின் 'ஹீட்டட் ரைவல்ரி'யில் இருவர் எதிர் அணிகளில் ஆடும் பனி ஹொக்கி வீரர்கள். இரண்டும் கலகலப்பானவை, கையில் எடுத்தால் கீழே வைக்க விடாதவை. முதலாவதில் தடை என்று நிற்பது ஒரு தேர்தலும் ஒரு அரண்மனையும். கடைசியில் ஊரே அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுவதால் தடை காகிதம் போலக் கிழிகிறது. இரண்டாவது எனக்கு மேலாகப் படுகிறது. அந்த வீரர்களில் ஒருவனான இலியா ரஷ்யாக்காரன், தான் யார் என்பது வெளியே தெரிந்தால் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாது. அந்த ஒரு பயம் கிடக்கிற இடங்களில் ஹொக்கி பின்னால் போய்விடுகிறது, மனிதர்கள் முன்னால் வருகிறார்கள்.

கண்டி வாசகருக்கு இந்தக் கலகலப்பு நாவல்கள் செய்கிற உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கண்டியில் இருந்து பேராதனைக்கோ கட்டுகஸ்தோட்டைக்கோ போகிற பஸ்ஸில், போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து ஒரு அத்தியாயம் படிக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு அது பரீட்சைக் குறிப்பு போலத்தான் தெரியும். அச்சுப் புத்தகம் என்றால் அட்டை ஒரு பிரச்சினை. சட்டை போடாத இரண்டு ஆண்கள் படம் போட்ட புத்தகத்தை எந்த வீட்டு மேசையில் வைப்பது? அண்மைக் காலத்தில் வந்த கார்ட்டூன் அட்டைகளைப் பார்த்து மேல்நாட்டு விமர்சகர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அம்மா மேசை துடைக்கிற வீட்டில் அந்த அட்டை ஒரு வரப்பிரசாதம்.

சட்டமும் இருக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் கார்ப்பென்டர் வந்த காலத்தோடு முடிந்துபோகவில்லை. 1995இல் செய்த திருத்தம் இரண்டாவது பிரிவைத் தளர்த்துவதற்குப் பதிலாகப் பெண்களுக்கும் நீட்டியது. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் பிரிவுகள் அப்படியே கிடந்தன. இப்படியான இடத்தில் சில நூறு பக்கத்துக்குப் பயம் கடைசியில் தீர்ந்துவிடுகிற உலகம் ஒன்றில் இருந்துவிட்டு வருவது சின்ன விஷயம் அல்ல. அதைத் தப்பித்தல் என்று ஏளனம் செய்பவர்கள் வேறு எந்தக் காதல் கதையையும் அப்படி ஏளனம் செய்வதில்லை.

ஆனால் அந்த உலகத்தில் இங்குள்ள தடை ஒன்றும் இல்லை. அதைத் தேடினால் ஷியாம் செல்வதுரையிடம்தான் வர வேண்டும். 1994இல் வந்த அவருடைய 'ஃபன்னி போய்' நாவலை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள், பெரும்பாலும் தவறான காரணத்துக்காக. இலங்கைத் தமிழ்ப் பையன், தன்பாலினக் காதல், 83 கலவரம் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். உண்மையில் அதன் உச்சம் ஒரு பள்ளிக்கூட மேடை. 'பிளாக் டை' என்று பையன்கள் பெயர் வைத்த அதிபர், பரிசளிப்பு விழாவில் அமைச்சர் முன்னால் கதைநாயகன் அர்ஜி இரண்டு ஆங்கிலக் கவிதைகளைச் சொல்ல வேண்டும் என்கிறார். அதிபர் பதவியில் நீடிப்பது அந்த நிகழ்ச்சி நன்றாக நடப்பதில் தங்கியிருக்கிறது. அவர் போய்விட்டால் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடமிராது, இதை ஒரு தமிழ் ஆசிரியரே அர்ஜிக்கு எடுத்துச் சொல்கிறார். அதே அதிபர்தான் அர்ஜி நேசிக்கும் சிங்களப் பையன் ஷெஹானைப் போட்டு வதைக்கிறவர். அர்ஜி மேடையேறி இரண்டு கவிதைகளையும் வேண்டுமென்றே ஒன்றோடொன்று குழப்பிச் சொல்கிறான். அவற்றைப் புகழ்ந்து எழுதிவைத்த பேச்சோடு அதிபர் சபை முன்னால் திண்டாடுகிறார்.

காதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தை அங்கே இல்லை. தன் இனத்துக்குப் பாதுகாப்பாக நிற்பவரைத் தன் காதலுக்காகக் கவிழ்க்கிறான் ஒரு பையன். வாசகர் அவனை மெச்சவும் வேண்டும், அவனுக்காகப் பயப்படவும் வேண்டும். பிறகு 83 யூலை வருகிறது, வீடு எரிகிறது, ஷெஹானுக்கு ஒருபோதும் முழுதாக விளங்காத ஒன்று இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. எந்த வார்ப்புப் பெயரின் கீழ் இதை வைப்பது?

1998இல் வந்த 'சினமன் கார்டன்ஸ்' குறைவாகவே பேசப்படுகிறது. மெதுவாகப் போகிற நாவல், விருந்துகளும் மரியாதைகளும் கொஞ்சம் அதிகம். ஆனால் கார்ப்பென்டர் கதையை அது தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. டொனமூர் ஆணைக்குழு வருகிற சமயத்தில் ரிச்சர்ட் என்ற ஆங்கிலேயன் கொழும்புக்கு வந்து பழைய காதலன் பாலேந்திரனைச் சந்திக்கிறான். இம்முறை நாம் உள்ளே இருந்து பார்ப்பது தமிழனின் மனதை. பாலேந்திரனுக்கு மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலே அப்பா இருக்கிறார். முதலியாரான அந்த அப்பாவை எதிர்த்து நாலு வார்த்தை பேச அவனுக்கு இருபது வருடம் எடுக்கிறது. காதலர் சேர்வதில்லை, ஆனால் அந்தப் பேச்சு நடக்கிற பக்கங்களில் எந்த முத்தக் காட்சியையும் விடப் படபடப்பு அதிகம்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சிலர் உடனே கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978) என்பார்கள். பெரிய நாவல், ஆனால் காதல் நாவல் என்ற பெயரில் அதை நீட்டுவது படிப்பவருக்குச் செய்யும் துரோகம். பணக்காரர் ஒருவரின் பிடியில் சிறுவயதில் சிக்கி, பிற்காலத்தில் தொழுநோயாளியாகும் கணேசனின் கதை அது. அங்கே இருப்பது பசியும் சுரண்டலும். ஆணோடு ஆண் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைப்பது இந்தப் பழக்கத்தின் மோசமான பக்கம்.

கண்டியை வைத்து யாராவது எழுதினால் தடைக்குப் பஞ்சம் இராது. தங்கச்சியின் கலியாணம் முடியும்வரை வாயைத் திறக்காத அண்ணன் ஒருவன் போதும், பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ரியூசனுக்கு வருகிற பையன் ஒருவன் போதும்.

அதுவரை என்னிடம் கேட்பவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஹொக்கி வீரர்கள், சந்தோசத்துக்காக. அடுத்து 'மாரிஸ்', அந்தச் சந்தோசம் எவ்வளவு விலைக்கு வந்தது என்று பார்க்க. பிறகு 'ஃபன்னி போய்'. 'சினமன் கார்டன்ஸ்' கடைசியில், அப்பாவோடு பேச வேண்டியது ஏதாவது பாக்கி இருப்பவர்களுக்கு மட்டும். யாராவது சாகிறார்களா என்று கேட்டால், இந்த நான்கிலும் காதலர் இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம்.