கூடையைப் பிடியில் பாருங்கள்

"ஒயர் கூடையா? எங்க பாட்டி வீட்டுல ஒண்ணு கெடந்துச்சே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கெடந்துச்சாம்! பட்டுச்சேலையின் பார்டரை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்க்கிறவர்கள், கூடையை மட்டும் ஒரே பார்வையில் முடித்துவிடுகிறார்கள். ரசிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்திலாவது வரலாம் அல்லவா?

முதலில் பாலபாடம். ஒயரை அளந்து வெட்டி, நடுவிலிருந்து அடியைப் போட்டு, நாலு பக்கமும் நிமிர்த்தி, சுற்றி ஓடும் ஒயரில் வரிவரியாக முடிச்சிட்டு மேலே ஏற்றுவார்கள். நுனிகளை உள்ளே சொருகினால் விளிம்பு. முடிச்சில் சாதா, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பல வகை. புதியவர்கள் சிவன் கண்ணில் மயங்குவார்கள், மயங்கட்டும். கூடையைத் தரையில் வையுங்கள். ஆடினால் அடி சரியில்லை. பாடம் முடிந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம்: பிடி.

உலகத்தில் இரண்டே வகைக் கூடைதான். கையில் பிடிக்கும் கூடை, முழங்கையில் மாட்டும் கூடை. மற்ற வகைகளெல்லாம் கலர் வித்தியாசம். கைக்கூடைக்குப் பிடி குட்டையாக இருக்க வேண்டும். நீண்டால் கூடை தரையில் உரசும். முழங்கைக் கூடைக்குப் பிடி வளையலைத் தாண்டி ஏற வேண்டும். ஏறிய பிறகு வழுக்கக் கூடாது. பிடிக்கு உள்ளே கொடுக்கும் ஒயர் குறைந்தால், மூன்று கிலோ அரிசி ஏறியதும் முழங்கை மடிப்பில் கோடு விழும். இரண்டு பிடிகளில் ஒன்று விரற்கடை நீண்டாலும் கூடை சாய்ந்து, தூக்குச்சட்டிக் குழம்பு சேலையில்தான்.

கைக்கூடை சந்தைக்கு. முழங்கைக் கூடை பஸ்ஸுக்கு. விருதுநகரிலிருந்து காரியாபட்டி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கு இது புரியும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கம்பி; கூடை எங்கே தொங்கும்? இப்போது ஸ்கூட்டர் கொக்கிக்கென்று மூன்றாவதாக ஒரு பிடி வந்திருக்கிறது. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மல்லாங்கிணற்றில் என் அம்மாச்சி இதையெல்லாம் விளக்கியது கிடையாது. "கைய நீட்டு தாயி" என்பாள். மிச்ச ஒயரை என் முழங்கையில் சுற்றி, பல்லால் கடித்து அடையாளம் வைப்பாள். சின்ன வயதில் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டிய கை அது, அளவு தப்பாது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள் என்று சிவகாசி வரலாறு எழுதுகிறவர்கள் யாரும், அந்தப் பெட்டிகளை ஒட்டிய விரல்கள் மத்தியானத்தில் வேறு என்ன செய்தன என்று எழுதவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்கு வரும் சொந்தபந்தம் ஊர் திரும்பும்போது ஆளுக்கொரு கூடை. உள்ளே சாத்தூர் சேவு. முழுப்பரீட்சை லீவுக்கு வரும் பேத்திகளுக்கு அம்மாச்சி அடி போடப் பழக்குவாள். பிடியை மட்டும் யாரிடமும் விடமாட்டாள். தீபாவளிக்கு எங்கள் பக்கத்தில் 'கிஃப்ட் பாக்ஸ்' என்றால் பட்டாசுப் பெட்டி. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதனாலேயே அது யாருக்கும் உரியதல்ல. கூடை அப்படியா?

இந்தக் கூடையை 'இயற்கைக்கு உகந்தது' என்று பொட்டிக்கில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஐயா, அது பிளாஸ்டிக்! 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு. இது பல வருஷம் உழைக்கும் என்று சொல்லி விற்றால் போதாதா? வாங்கியவர்கள் அதைச் சுவரில் மாட்டி, உள்ளே காய்ந்த பூ வைக்கிறார்கள். பாரம் ஏறாத பிடியைப் பற்றி என்ன பேசுவது?

ஒன்று சொல்லிவிடுகிறேன், நமக்குள் இருக்கட்டும். என் கூடை எனக்குப் பன்னிரண்டு வயதில் அளவெடுத்தது. முழங்கைக் கூடைதான், ஆனால் இப்போது முழங்கைக்கு ஏறாது. இவ்வளவு இலக்கணம் பேசிய நான், அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். புதிதாக அளவெடுக்க அவள் இல்லை.

உங்கள் பாட்டி இருந்தால், இந்த லீவில் போய்க் கையை நீட்டுங்கள்.