எலும்புச் சாறும் ஒரு கதையும்

சியோலில் ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடை. மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்த சொல்லோங்தாங். பால் மாதிரி வெள்ளைச் சாறு. உப்பையும் வெங்காயத்தாளையும் நாமே போட்டுக்கணும். சோத்தைக் கொட்டி, முள்ளங்கிக் கிம்ச்சியைக் கடிச்சுக்கிட்டுக் குடித்தேன். பக்கத்தில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. எங்க ஊர்ல மாட்டெலும்புச் சாறு வச்சா கதவைச் சாத்திக்கிட்டுத்தான் குடிப்போம்.

ஹியோன் ஜின்கோன் 1924இல் எழுதிய 'அதிர்ஷ்டமான நாள்' ஞாபகம் வந்தது. நோயாளி மனைவி ஆசைப்பட்ட இந்தச் சாற்றை ரிக்‌ஷாக்காரன் வாங்கி வருகிறான். அவள் செத்துக் கிடக்கிறாள். வறுமையை ஒளிவுமறைவின்றிச் சொன்ன கதை. ஆனால் மாட்டை வெட்டிய கை கதையில் இல்லை.

அந்தக் கை பெக்ஜோங்குகளுடையது. 1894இல் சட்டம் விடுவித்தும் ஊர் விடவில்லை; அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. கதைக்கு முந்தின வருஷம், 1923இல்தான், ஜின்ஜுவில் ஹியோங்பியோங்சா என்ற விடுதலை இயக்கம் பிறந்தது. கறி நிறுக்கும் தராசையே சமத்துவத்தின் பெயராக்கினார்கள்.

ஏழைக்காக அழுத கதையின் கண்ணில் இழிவுபடுத்தப்பட்டவன் படவில்லை. பசியை எழுதியாச்சு, தீட்டை யார் எழுதுறது? சாறு ருசிதான். அறுத்தவனையும் சேர்த்துப் பேசுகிற இலக்கியம்தான் நமக்கு வேணும்.