இருட்டிலும் கையறியும் பை

எட்டங்குலத்துக்கு ஆறங்குலத்தில் வெளித்துணி இரண்டு, அதே அளவில் லைனிங் இரண்டு, எட்டங்குல ஜிப் ஒன்று. ஒரு பவுச்சுக்கு இவ்வளவுதான் முதலீடு! இதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், டெய்லர் கடை வெட்டுத்துணி மூட்டை ஒன்றைக்கூட விட்டுவைத்திருக்க மாட்டேன்.

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் விடியற்காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களின் ஹேண்ட்பேக்கைக் கொட்டிப் பாருங்கள். அடையாள அட்டை, லாக்கர் சாவி, சில்லறை, ஹேர்பின், நாப்கின், மாத்திரை அட்டை, கோடாலித் தைலம், ஹெட்போன் ஒயரில் சிக்கிய சீப்பு. கேட்டில் பின்னால் வரிசை நீளும்போது சாவியைத் தவிர எல்லாம் கைக்கு வரும்.

எல்லாரும் பவுச் தைத்தால் மருந்துக்கு ஒன்று, மேக்கப்புக்கு ஒன்று என்று பொருளை வைத்துப் பிரிப்பார்கள். நான் வேளையை வைத்துப் பிரிக்கிறேன். கேட் பவுச்சில் அட்டை, சாவி, சில்லறை. ராத்திரி ஷிப்ட் பவுச்சில் தைலம், கடலைமிட்டாய், சாக்ஸ், நாப்கின். ஊர் பவுச்சில் ஆதார் நகல், சார்ஜர், வாந்தி மாத்திரை. எந்த வேளையோ அந்தப் பவுச்சைத் தூக்கிப் பையில் போட்டால் தீர்ந்தது. தலைவலி மாத்திரை மட்டும் மூன்றிலும் போட்டிருக்கிறாயே என்பார்கள். இருக்கட்டும், தலைவலி ஷிப்ட் பார்த்தா வருகிறது?

இதைவிடப் பெரிய ஆனந்தம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு துணி. கேட் பவுச் முரட்டு ஜீன்ஸ், ராத்திரி பவுச் வரிவரியான கார்டுராய், ஊர் பவுச் வழவழவென்ற சாட்டின் ரவிக்கைத் துண்டு. விளக்கணைத்த பஸ்ஸில் கண்ணைத் திறக்காமலே எடுத்துவிடுவேன்! பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் பாக்குக்கு ஓர் அறை, காசுக்கு ஓர் அறை என்று வைத்துத் தைத்ததும், பேசிக்கொண்டே பார்க்காமல் எடுத்ததும் இந்த வித்தைதான்.

ஜிப்பைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டர் கணக்கில் விற்கும் ரோல் ஜிப்பும் தனியாக ரன்னரும் வாங்குங்கள். வேண்டிய நீளம் வெட்டிக்கொள்ளலாம். சின்னப் பவுச்சுக்கு 3-ஆம் நம்பர், கனமான துணிக்கு 5. மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். இன்றைய ஜிப்பின் வடிவத்தை 1913-இல் அமெரிக்காவில் உருவாக்கிய கிடியன் சுன்ட்பேக், ஸ்வீடனில் பிறந்த எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். எலெக்ட்ரானிக்ஸ் லைனில் நிற்கும் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை!

வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஜிப்பை வைத்து, நல்ல பக்கம் உள்ளே இருக்க ஓட்டுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். இதை மட்டும் மறக்கக் கூடாது. மூடியபடி சுற்றித் தைத்துவிட்டால் பையைத் திருப்ப வழியே கிடையாது. லைனிங் அடியில் நாலு விரல் இடைவெளி விட்டுச் சுற்றித் தைத்து, ஜிப் முனைகளில் கெட்டித் தையல் போட்டு, அந்த இடைவெளி வழியாகத் திருப்புங்கள். தட்டையாகத் தொடங்கியது முழுப் பையாக வெளியே வரும் அந்த நொடி இருக்கிறதே, சம்பள மெசேஜ் வந்த மாதிரி! ஜீன்ஸுக்கு 16-ஆம் நம்பர் ஊசி போடுங்கள்.

என் மிஷின், சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அம்மாவுக்குக் கிடைத்த இலவச மிஷின். மிஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு திறந்தார்களே, அந்த விடுதியில் இருக்கும் தோழி கட்டிலில் உட்கார்ந்து பின்தையல் போட்டே ஒன்று முடித்தாள். பலரோடு தங்கும் அறையில் பவுச்தான் நம் அலமாரி என்கிறாள். அவள் தையல் என் மிஷின் தையலைவிட நேராக இருக்கிறது என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது டிபன் பை. கீழ் மூலைகளில் ஓரங்குலச் சதுரம் வெட்டி மடித்துத் தைத்தால் இரண்டங்குல அடி கிடைக்கும். இரண்டங்குலம் வெட்டினால் நாலங்குலம், குழம்பு டப்பா நிமிர்ந்தே நிற்கும். துணிக்குத் தம்பியின் பழைய ஜீன்ஸ் மேல் கண் வைத்திருக்கிறேன். அவனுக்கு இன்னும் தெரியாது.