கண்மட்டம்

குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு 84 படிகள். ஏறுகிறவருக்கு அது பெரிய தூரம் இல்லை. மூச்சு வாங்கத் தொடங்கும்போதே மேலே வந்துவிட்டிருப்பார். அந்தப் படிகள் படுத்தும் பாடு, அடிவாரத்தில் ஸ்கெட்ச் புத்தகத்தோடு உட்காருகிறவருக்குத்தான் தெரியும். படிக்கட்டு சுலபம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு, அவ்வளவுதானே? வரைந்து முடித்துத் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தால், படிகள் மலை ஏறாமல் தரையோடு படுத்துக் கிடக்கும்.

படி என்றால் கால் வைக்கும் மேல்பரப்பு ஒன்று, முன்னால் செங்குத்தாக நிற்கும் முகம் ஒன்று என்பது நமக்குத் தெரியும். தெரிந்து தொலைத்ததால் 84 படிக்கும் இரண்டையும் வரைந்துவிடுகிறோம். கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். அரை அடிப் படி என்று வைத்துக்கொண்டால், முதல் நாலைந்து படிகளுக்குத்தான் மேல்பரப்பு தெரியும். அதுவும் மேலே போகப் போக ஒடுங்கிக்கொண்டே வந்து, கண்மட்டத்தில் இருக்கும் படியில் வெறும் கோடாகிவிடும். அதற்கு மேலே முகத்தின் மேல் முகம், வேறொன்றும் இல்லை. எழுந்து நின்றால் இன்னும் நாலைந்து படிகள் மேல்பரப்பைக் காட்டும். உச்சிக்குப் போய்த் திரும்பிக் கீழே பார்த்தாலோ எல்லாம் மாறிவிடும்: மேல்பரப்புகள்தான் அடுக்கடுக்காக இறங்கும், ஒரு படியின் முகம்கூடத் தெரியாது.

இதை வகுப்பறையில் கரும்பலகையில் போட்டுச் சொல்லலாம். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், மறுநாள் பழையபடி வரைவார்கள். வெளியே கூட்டமாக உட்கார்ந்து வரையும்போது இதைச் சொல்லவே வேண்டியதில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு வழிகாட்டும் டிராயிங் மாஸ்டர், லோயர், ஹையர் பரீட்சையெல்லாம் அந்தக் காலத்தில் பாஸ் செய்து பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எல்லாரும் வரைந்ததும் தாள்களை மண்டபத் தரையில் வரிசையாகப் பரப்பி, மூலைக்கொரு கல் வைக்கச் சொல்வார். பிறகு ஒவ்வொரு தாளாகக் காட்டிக் கேட்பார்: "இது யாரு, நின்னுக்கிட்டே போட்டதா? இது பைக் மேல உக்காந்து போட்டதுதானே?" பெரும்பாலும் சரியாக இருக்கும். படியில் மேல்பரப்பு எந்த இடத்தில் கோடாகிறதோ, வரைந்தவரின் கண் அந்த உயரத்தில் இருந்திருக்கிறது. அது மட்டும் தெரிந்துவிட்டால் தாளை ஜோசியம்போலப் படிக்கலாம்.

வெளிப்புற ஓவியத்தில் எனக்குப் பெரிய ருசி இங்கேதான். படத்தில் கோயில் இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது; கூடவே, வரைந்தவர் உட்கார்ந்த இடமும் இருக்கிறது. போட்டோவிலும் அது உண்டு, ஆனால் அங்கே ஒரே நொடியில் முடிந்துவிடுகிறது. ஸ்கெட்ச்சில் ஒரு மணி நேரம் தெரியும். எங்கே பார்த்தார், எங்கே அலுத்துப்போனார், எந்த இடத்தில் வெயில் முதுகில் ஏறி அவசரப்பட்டார் என்பதையெல்லாம் கோட்டின் அழுத்தம் சொல்லிவிடும்.

இப்படிப்பட்ட வகுப்புக்குக் குன்றத்தூர் வாகான ஊர். மலைமேல் சன்னதியிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. நேரே நின்று கும்பிட்டால் முருகன் மட்டும் தெரிவார். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் வள்ளியோடும், மறுபக்கம் போனால் தெய்வானையோடும் காட்சி தருவார். இரண்டு தேவியரையும் ஓரிடத்திலிருந்து சேர்த்துப் பார்க்க முடியாது. வழக்கமாக வருகிறவர்கள் இதைத் தெரிந்து, அந்தப் பக்கம் அரை அடி, இந்தப் பக்கம் அரை அடி நகர்ந்து மூன்று கும்பிடு போடுவதைப் பார்க்கலாம். பக்தர் நிற்கப்போகும் இடத்தையும் சேர்த்துத்தான் அந்தச் சன்னதியை அமைத்திருக்கிறார்கள்.

கிருத்திகை நாளில் மலையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்குக் கீழே, சேக்கிழார் எழுப்பிய திருநாகேசுவரத்துக்குப் போகலாம். இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர், கும்பகோணத்துப் பக்கத்துத் திருநாகேசுவரத்தின் மீதிருந்த பிரியத்தில் சொந்த ஊரான குன்றத்தூரிலும் அதே பெயரில் கோயில் கட்டினார். அங்கே தூண் வரிசை கிடைக்கும், கூட்டம் குறைவு.

கோயிலில் உட்கார்ந்து வரைவது என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் வரும் பெயர் சில்பி. 1919இல் நாமக்கல்லில் பிறந்த சீனிவாசன், சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர். ஆபரணத்தின் ஒவ்வொரு மணியும் அதனதன் இடத்தில் இருக்கும். கல்லின் ஆழம் நிழலில் தெரியும். அந்தப் பொறுமைக்கு முன்னால் எதுவும் பேசத் தோன்றாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாணவருக்கு அவரை முன்மாதிரியாகச் சொல்ல மாட்டேன். சில்பியைப் பார்த்துத் தொடங்குகிறவர் கோபுரத்தின் முதல் நிலையில் மூன்று பொம்மைகளை நகத்தோடு போட்டுவிட்டு, மேலே உள்ள நிலைகளுக்கு நேரம் இல்லாமல் எழுந்துவிடுவார். பழகுகிறவருக்குக் கோபுலுதான் நல்ல வாத்தியார். தஞ்சாவூர்க்காரரான அவரும் விகடன்காரர்தான். ஆனால் கூட்டத்தில் நிற்கும் ஒரு மாமியை, சரிந்த தோள், இடுப்பில் செருகிய தலைப்பு, நிற்கும் கோணல் என்று நாலு கோட்டில் முடித்துவிடுவார். எதை விடலாம் என்ற பாடம் அதில் இருக்கிறது. வெளியே உட்கார்ந்தால் முதலில் தேவைப்படுவது அதுதான். கோட்டை மட்டுமே நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆதிமூலத்தின் காந்தி வரிசையைத் தேடிப் பார்க்கலாம்.

சில்பி படித்த பள்ளி 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைக்கு வந்தார். மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர் இளமையில் பெயர் வாங்கியது நிலக்காட்சி நீர்வண்ணங்களால்தான். பிறகு அவர் கணக்கும் குறியுமாக எங்கோ போய்விட்டார். எனக்கு அந்தப் பழைய நீர்வண்ணங்கள்மேல்தான் மோகம் என்றால் நவீன ஓவிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இப்போது கல்லூரியாகிவிட்ட அந்தப் பள்ளி இன்றும் நிற்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே வந்து, பூந்தமல்லியில் இடப்புறம் திரும்பினால் குன்றத்தூர்.

உலக அளவில் பார்த்தால், ஓவியரை வெளியே அனுப்பியதில் ஒரு சின்னச் சாமானுக்குப் பெரிய பங்கு உண்டு. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் லண்டனில் இருந்தபோது தகர டியூப்பில் வண்ணத்தை அடைக்கும் வழியைக் கண்டார். அதுவரை எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். கூட்டமாக வெளியே போய் வரையும் இன்றைய பழக்கத்துக்கு உந்துதல் தந்தவர் சியாட்டில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ. 2007இல் அவர் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' பல நாடுகளில் கிளை விட்டது. நேரில் பார்த்ததைத்தான் வரைய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு. சென்னையிலும் 'சென்னை வீக்எண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' போன்ற குழுக்கள் வார இறுதியில் ஏதாவது ஓரிடத்தில் கூடி வரைகின்றன.

குன்றத்தூரில் கூடுகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வந்துவிடுகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு டிராயிங் என்பது புதிதல்ல. மெஷின் பக்கத்தில் மாட்டியிருக்கும் தாளும் டிராயிங்தான். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம், அளவு, டாலரன்ஸ். ஆனால் அந்த வரைபடத்தில் பார்க்கிறவரின் கண்ணுக்கு இடமே கிடையாது. இணைகோடு கடைசிவரை இணைகோடுதான். எங்கிருந்து பார்த்தாலும் போல்ட்டுக்கு ஒரே அளவு. மாறினால் பாகம் ரிஜெக்ட். அந்தப் பழக்கத்தோடு சன்னதித் தெருவை வரைய உட்காரும் பையனுக்கு, தூரப் போகப் போகச் சுவர்கள் நெருங்குவது முதலில் ஒரு அநியாயமாகவே படுகிறது. "ரோடு நிஜமா சின்னதாவலையே சார்?" என்று ஒருவன் மாஸ்டரிடம் சண்டை பிடித்தான். "நீ இங்க உக்காந்திருக்கியே தம்பி, அதான்" என்றார்.

ஆனால் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி அளவெடுப்பதில் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது. மண்டபத்துக் கூரை கோபுரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். தர ஆய்வில் இருக்கும் ஒரு பையனின் தாளைக் குனிந்து பார்த்தேன். கோபுரம் மயிரிழைக் கோடுகளில், பிசிறில்லாமல், உயிரில்லாமல் நின்றது. அதே தாளின் மூலையில் அடிவாரத்து டீக்கடை. அளவெடுக்க நேரம் கொடுக்காத விஷயம் அது. டீக்கடைக்காரர் டீ ஆற்றும் கை நிற்கவே நிற்காது. மேலே போன குவளை, கீழே தாழ்ந்த கிளாஸ், நடுவில் வில்லாக விழும் டீ. அந்த வில்லை அவன் ஒரே இழுப்பில் போட்டிருந்தான்: தொடங்கும் இடத்தில் அழுத்தி, நடுவில் பேனா தாளைத் தொட்டும் தொடாமலும், கிளாஸில் விழும் இடத்தில் மறுபடி அழுத்தி. கைக்கு முழங்கை கிடையாது, விரல்கள் கிடையாது. யாருக்கும் அது இல்லாததாகப் படவில்லை. அன்றைக்குப் பரப்பிய தாள்களிலேயே அந்த மூன்று அங்குலம்தான் சிறந்த இடம் என்பது என் கட்சி.

அவன் போட்டது ரெனால்ட்ஸ் பால்பாயிண்ட் பேனாவில். ஸ்கெட்ச்சுக்கு அதை மட்டமாக நினைக்கிறவர்கள் உண்டு. மெல்லத் தொட்டால் சாம்பல், அழுத்தினால் அடர்நீலம், அழிக்க வழியே இல்லை. பழகுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ரப்பர் கையில் இருந்தால் பாதி நேரம் அதற்கே போய்விடும்.

கோலம் போட்டுப் பழகிய பெண்களின் கோடு வேறு மாதிரி. மடிப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா பாறையை வரையும்போது கை எடுப்பதே இல்லை. கம்பிக் கோலம்போல விளிம்பு சுற்றிப் போய்த் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். அதில் தயக்கத்தின் நடுக்கம் இல்லை. நிழல் போடச் சொன்னால் மட்டும் திணறுகிறார். கோலத்துக்கு நிழல் கிடையாதே.

நிழல்தான் வெளியே வரைகிறவரின் உண்மையான வில்லன். காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் கோபுரத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கருமை, படிக்குப் படி நீண்ட நிழல். எட்டரைக்குள் பாதி போய்விடும். அதனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே நிழலின் விளிம்பைக் கோடு கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சூரியன் எங்கே போனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் இந்தப் பக்கத்தில் சூரியன் உச்சிப்பொழுதில் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நேரத்தில் கோபுரத்துக்கே உருவம் இருக்காது. டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவதே உத்தமம்.

மேலே ஏறினால் வேறு கணக்கு. கண்மட்டம் நம்மோடு மலையேறிவிடும். வீடுகளின் மொட்டை மாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட துணி எல்லாம் தங்கள் மேல்பக்கத்தைக் காட்டும். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி: முழுக்கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. இதைத் தாளில் கொண்டுவர ஒரு நீண்ட கிடைக்கோடு போதும். புதிதாக வருகிறவர்கள் ஸ்கேல் வைத்ததுபோல் மெல்லிசாக இழுத்துவிடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, இந்த ஏரியின் உபரிநீர் போகும் அடையாற்றின் கரையில் இருந்த ஒருவர் இந்த ஏரிக்கரையைப் போட்டதைப் பார்த்தேன். அதே கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போயிருந்தார், தாள் பின்பக்கம் புடைக்கும் அளவுக்கு. அளவு பார்த்தால் தடிமன் அதிகம்தான். மாஸ்டர் திருத்தவில்லை.

இறங்கி வந்தால் ஜங்ஷன். இங்கே நிலையாக நிற்கும் பொருளே கிடையாது. ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் வந்து ஒரு நிமிடம் நின்று போய்விடும். இதற்குக் குழுவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். முதலில் தெருவையும் கடைகளையும் போட்டு, பஸ் நிற்கும் இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவது. அடுத்தடுத்து வரும் பஸ்களும் அதே நீளம், அதே உயரம். முதலாவதன் முகப்பு, இரண்டாவதன் ஜன்னல்கள், மூன்றாவதன் பின்சக்கரம் என்று வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். போன வாரம் அப்படி ஒரு படம் முடிந்து கைமாறிக்கொண்டிருந்தபோது, ஒரகடத்துப் பையன் ஒருவன் வாங்கி வெகுநேரம் பார்த்தான். "சார், முன்னாடி எங்க பஸ்ஸு," என்றான், "ஆனா நான் உக்கார்ற ஜன்னல் இதுல இல்ல."