நான்கே ஆண்டு கடற்படை

பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒருவர் இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர விரும்பினால், இன்று அவருக்கு முன் பெரும்பாலும் இருப்பது அக்னிவீர் வழிதான். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின் கீழ் வருவது இது. ஆள் எடுக்கும் முறை, எடுத்தவரை வைத்துக்கொள்ளும் காலம் என இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும். முதலாவதில் எனக்குப் பெரிய குறை இல்லை.

எஸ்.எஸ்.ஆர். எனப்படும் பிளஸ் டூ நிலைப் பிரிவுக்குக் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், எம்.ஆர். எனப்படும் மெட்ரிக் நிலைப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு போதும். இணையத்தில் விண்ணப்பம், கணினித் தேர்வு, ஓட்டமும் தண்டாலும் அடங்கிய உடற்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்று படிகள் தெளிவாக இருக்கின்றன. ஆண்கள் 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். எல்லாம் தேர்வின் வழியே என்பதால், சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர் எவரும் ஏமாற்றுக்காரரே. பெண்கள் முதன்முறையாக மாலுமிகளாகச் சேர்ந்ததும் இந்த வழியில்தான். 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்கா பயிற்சித் தளத்தில் முதல் அணியோடு பயிற்சியை முடித்து வெளிவந்தார்கள். இது மனதாரப் பாராட்ட வேண்டிய மாற்றம்.

ஆனால் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. இயற்பியலைத் தமிழில் படித்துத் தேறிய மாணவர், தெரிந்த விடையையே மொழிக்காக இழக்கிறார். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் நடக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

என் பெரிய வருத்தம் காலத்தைப் பற்றியது. முன்பு எஸ்.எஸ்.ஆர். மாலுமியின் முதல் பணிக்காலமே 20 ஆண்டு. ஓய்வூதியத்துக்கு 15 ஆண்டு வேண்டும். இப்போது நான்கு ஆண்டுதான். அதிலும் சில்காவில் அடிப்படைப் பயிற்சி, பிறகு மின்பிரிவினருக்கு ஜாம்நகர், பொறிப்பிரிவினருக்கு லோனாவாலா என்று தொழிற்பயிற்சி. இவை போக மிஞ்சுவதுதான் கப்பல் வாழ்க்கை. எந்திரத்தின் சத்தம் மாறும்போதே கோளாறை உணரும் காது, சோனார் திரையில் மீன்கூட்டத்தையும் நீர்மூழ்கியையும் பிரித்தறியும் கண் எல்லாம் மூத்த மாலுமியின் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக நின்றால்தான் வாய்க்கும். அது கைவரத் தொடங்கும் வேளையில், அதிகபட்சம் 25 விழுக்காட்டினரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறோம். படை இளமையாகும், ஓய்வூதியச் செலவு குறையும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. தரைப்படைக்கு அது ஓரளவு பொருந்தலாம். கப்பலை நடத்துவதோ பழகிய கைகள்.

பணக்கணக்கையும் பார்ப்போம். மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ஆகிறது. அதில் 30 விழுக்காடு பிடிக்கப்படும். அரசும் அதே அளவு போடும். விடைபெறும்போது வட்டி நீங்கலாகச் சுமார் 10.04 லட்சம் கைக்கு வரும். இருபத்திரண்டு வயதில் இது சிறு தொகை இல்லை. ஆனால் ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. மத்தியப் படைகளிலும் கடலோரக் காவல்படையிலும் 2022-இல் அறிவிக்கப்பட்ட 10 விழுக்காடு ஒதுக்கீடு வேலைக்கு உறுதி ஆகாது.

எனவே வாழ்நாள் பணியாகக் கடற்படையை நினைப்பவர்கள் அதிகாரி வழியை முதலில் முயல வேண்டும். யு.பி.எஸ்.சி. நடத்தும் தேசியப் பாதுகாப்பு அகாதெமித் (என்.டி.ஏ.) தேர்வு உண்டு. ஜே.இ.இ. மெயின் தரவரிசை வழியாக கேரளத்தின் எழிமலைக் கடற்படை அகாதெமியில் பி.டெக். படித்து நிரந்தர அதிகாரியாகும் வாய்ப்பும் உண்டு; அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 70 விழுக்காடு வேண்டும். இவ்வழிகளைப் பிளஸ் ஒன்னிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆசிரியர்களே. அக்னிவீராகச் சேர்பவர்கள் நான்காண்டு வேலை என்று எண்ணியே சேருங்கள். பணியில் கற்கும் தொழிலுக்கு முறையான சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் அணியின் நான்காண்டு 2026 இறுதியில் முடிகிறது. அதற்குள் கடற்படைக்கு மட்டுமாவது தக்கவைக்கும் விகிதத்தை அரசு உயர்த்த வேண்டும்.